கையொப்பமிடாதவர்: பிரையன் எப்ஸ்டீன் என்னும் இசைக்குழு மேலாளர்

சங்க இலக்கியத்தில் ஆற்றுப்படை என்றொரு நெறி உண்டு. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, 'இன்னாரிடம் செல்க, இவ்வழியே செல்க' என்று ஆற்றுப்படுத்துவான். வழிகாட்டியவனுக்குக் கூலி எவ்வளவு என்று எந்தப் பாடலும் கூறுவதில்லை. அங்கே கூலி என்ற எண்ணமே எழவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இங்கிலாந்து நாட்டில் ராக் இசை பெருவணிகமாக வளர்ந்தபோது, ஆற்றுப்படுத்துவதும் ஒரு தொழிலாயிற்று. அத்தொழில் புரிந்தவருக்கு மேலாளர் என்று பெயர். கூலியும் ஒப்பந்தத் தாளில் விழுக்காட்டுக் கணக்காக எழுதப்பட்டது.

அத்தொழிலில் முதலிடத்தில் வைத்துச் சொல்லப்படும் பெயர் பிரையன் எப்ஸ்டீன். பீட்டில்ஸ் என்னும் நால்வர் குழுவை லிவர்பூல் நகரத்து நிலவறை ஒன்றிலிருந்து உலகின் முன் கொணர்ந்து நிறுத்தியவர் அவர். அவருடைய தொழில்வாழ்வு ஆறாண்டுகளையும் நிறைவு செய்யவில்லை. முப்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். அவரைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் வழங்கிவருகின்றன. அவர் இன்றேல் பீட்டில்ஸ் இல்லை என்பது ஒன்று. அந்நால்வரின் செல்வத்தையும், எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் இயற்றிய பாடல்களின் உரிமையையும் பிறர் கைக்குப் போகவிட்டவர் அவரே என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே மனிதரைப் பற்றியவை. பாட்டெழுதுவோர்க்கு இரண்டாவது தீர்ப்பு வெறும் வணிகச் செய்தியன்று. தாம் எழுதிய வரி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது.

எப்ஸ்டீன் 1934ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் லிவர்பூலில் பிறந்தார். அவருடைய பாட்டனார் லித்துவேனியாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதர். அந்நகரில் மரச்சாமான் கடை நடத்தினார். பின்னர் அருகிலிருந்த இசைக்கருவிக் கடையும் குடும்பத்தின் கைக்கு வந்தது. நார்த் எண்ட் மியூசிக் ஸ்டோர்ஸ் என்பது அதன் பெயர். அதன் முதலெழுத்துகளைக் கூட்டி நெம்ஸ் என்று ஊரார் வழங்கினர். வீட்டுக்கு மூத்த மகனான பிரையன் பள்ளிக்குப் பள்ளி மாறினார், ஒன்றிலிருந்து நீக்கவும்பட்டார். ஆடை வடிவமைப்பாளர் ஆக விரும்பினார், தந்தை இசையவில்லை. படிப்பை விட்டுக் கடையில் அமர்ந்தார். கட்டாயப் படைப்பணிக்குச் சென்றார். தவணை முடியுமுன் மருத்துவக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டார். 1956இல் இலண்டன் அரச நாடகக் கலைக்கழகத்தில் நடிப்புப் பயிலச் சேர்ந்தார். அதையும் பாதியில் விட்டார். இருபத்து மூன்று வயதில் அவர் கைவசம் இருந்தவை முடிவுறாத தொடக்கங்கள் மட்டுமே. ஆனால், கடையின் இசைத்தட்டுப் பிரிவைத் தந்தை அவரிடம் ஒப்படைத்த பின் அவருடைய திறன் வெளிப்பட்டது. வாடிக்கையாளர் எந்த இசைத்தட்டைக் கேட்டாலும், கடையில் இல்லையெனில் தேடி வரவழைத்துத் தருவது என்ற கொள்கையை வகுத்தார். எது விற்கிறது, எது தீர்ந்துவிட்டது என்பதை ஒரே பார்வையில் அறிய ஒரு முறையும் வைத்திருந்தார். வட இங்கிலாந்தில் பேர்பெற்ற இசைத்தட்டு வணிகமாக நெம்ஸ் வளர்ந்தது.

1961 அக்டோபர் இறுதியில் இளைஞர் ஒருவர் கடைக்கு வந்து, பீட்டில்ஸ் உடன் வாசித்த ஜெர்மானிய இசைத்தட்டு ஒன்றைக் கேட்டார் என்றும், அப்பெயரை எப்ஸ்டீன் அன்றுதான் முதன்முதலாகக் கேள்வியுற்றார் என்றும் ஒரு கதை உண்டு. எப்ஸ்டீனே தம் தன்வரலாற்றில் அவ்வாறு எழுதினார். ஆயினும், அவ்வாண்டு சூலைத் திங்களில் தொடங்கிய மெர்சி பீட் என்னும் உள்ளூர் இசையிதழ் அவர் கடையிலேயே விற்பனையானது. அதன் இரண்டாம் இதழின் முதற்பக்கத்திலேயே பீட்டில்ஸ் செய்தி வந்தது. ஆகஸ்டு முதல் அவ்விதழில் எப்ஸ்டீன் இசைத்தட்டு மதிப்புரையும் எழுதிவந்தார். தாம் எழுதும் இதழின் முதற்பக்கத்தை அவர் பார்க்கவில்லை என்று நம்புவது எளிதன்று. நல்ல கதைக்கு ஒரு நல்ல தொடக்கம் வேண்டும் என்பதை நடிப்புப் பள்ளி அவருக்குக் கற்பித்திருக்கலாம்.

எவ்வாறாயினும், 1961 நவம்பர் 9ஆம் நாள் நண்பகலில், கடையின் உதவியாளர் அலிஸ்டர் டெய்லருடன் அவர் மாத்யூ தெருவிலிருந்த கேவர்ன் மன்றத்துக்குள் இறங்கினார். கடையிலிருந்து சில நிமிட நடைதான். கிடங்கு ஒன்றின் அடியிலிருந்த நிலவறை அது. கூட்டத்தின் மூச்சுக்காற்று ஈரமாகிச் சுவர்களில் வழியும். மேடையில் தோலாடை அணிந்த நால்வர்: ஜான் லெனன், பால் மக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், முரசு வாசித்த பீட் பெஸ்ட். பாட்டின் நடுவே தின்றனர், புகைத்தனர், கூட்டத்தாரோடு கேலி பேசினர். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர இரவு விடுதிகளில் நாள்தோறும் பல மணி நேரம் வாசித்துப் பழகியவர்கள். எப்ஸ்டீன் சூட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, கூட்டத்துக்குச் சற்றும் பொருந்தாதவராய்ப் பின்னால் நின்றார். இசைக்குழு எதையும் நடத்திய பயிற்சி அவருக்கு இல்லை. ஒரு திங்களுக்குள், அவர்களுக்கு மேலாளராக இருக்க முன்வந்தார்.

அக்காலத்து மேலாளர் எத்தகையவர் என்பதை நோக்கினால்தான் அவர் செய்தது விளங்கும். இலண்டனில் லாரி பார்ன்ஸ் என்பவர் இளம் பாடகர்களைத் தேடிப் பிடித்து, புதுப்பெயர் சூட்டி, வாரக்கூலி கொடுத்து வைத்திருந்தார். அமெரிக்காவில் எல்விஸ் பிரெஸ்லியின் மேலாளர் டாம் பார்க்கர் 25 விழுக்காட்டில் தொடங்கிப் பின்னாளில் சரிபாதியே கேட்டுப் பெற்றார். பாடகன் பண்டம், மேலாளன் அதன் உடையவன் என்பதே வழக்கம். எப்ஸ்டீன் வகுத்த ஒப்பந்தம் 1962 சனவரி 24ஆம் நாள் கையெழுத்தாயிற்று. ஐந்தாண்டுக் காலம், மேலாளருக்கு 10 விழுக்காடு, வருவாய் உயர்ந்தால் 15. நால்வரும் கையொப்பமிட்டனர். சாட்சியாக டெய்லரும் கையொப்பமிட்டார். எப்ஸ்டீன் மட்டும் இடவில்லை. தம்மால் அவர்களுக்குப் போதிய நன்மை செய்ய இயலும் என்ற உறுதி தமக்கு முழுமையாக ஏற்படவில்லை என்றும், வேறொருவரிடம் சென்றால் நலம் என்று தோன்றும் நாளில் அவர்கள் தடையின்றிச் செல்ல வேண்டும் என்றும் பின்னர் அவர் காரணம் கூறினார். அன்றைய சட்டப்படி இருபத்தொரு வயது நிரம்பாத மக்கார்ட்னி, ஹாரிசன் இருவரின் கையொப்பமும் பெற்றோர் இசைவின்றிச் செல்லாது என்பது வேறு செய்தி. ஆக, சட்டத்தின் கண்ணில் அந்தத் தாள் ஏறக்குறைய வெறுந்தாள். எனினும் அதன்படியே அனைவரும் ஒழுகினர். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் எழுதிய இரண்டாம் ஒப்பந்தத்தில் அவருடைய பங்கு 25 விழுக்காடு வரை செல்ல வழி வைக்கப்பட்டது. அதில் அவரும் கையொப்பமிட்டார். இளையோர் இருவரின் தந்தையரும் இட்டனர்.

அவர் செய்த மாற்றங்கள் பலரும் அறிந்தவை. தோலாடை போயிற்று; பர்க்கன்ஹெட் நகரத் தையற்கலைஞர் ஒருவரிடம் தைத்த சூட்டுகள் வந்தன. மேடையில் தின்பதும் வசைமொழியும் நின்றன. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிவிலும் நால்வரும் ஒருங்கே தலைவணங்கினர். நடிகனாக இயலாதவர் நாடக மேடையிலிருந்து எடுத்து வந்தது அந்த வணக்கம். அவர்களின் காட்டுத்தன்மையை மழுங்கச் செய்துவிட்டார் என்று லெனனே பிற்காலத்தில் குறைபட்டுக்கொண்டார். அக்குறையில் பாதி உண்மை உண்டு. ஆனால் இசையில் அவர் கைவைக்கவில்லை. வைக்க முயன்ற ஓரிரு சமயங்களில் நால்வரும் அவரை அடக்கிவிட்டனர்.

அவ்வாறு அவர் கைவைத்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. 1962 சனவரி முதல் நாள் இலண்டனில் டெக்கா நிறுவனம் அவர்களைத் தேர்வுக்கு அழைத்தது. பதினைந்து பாடல்கள் பாடினர். அவற்றுள் லெனனும் மக்கார்ட்னியும் இயற்றியவை மூன்றே. ஏனையவை பிறர் பாடல்கள். எல்லாத் தரப்பினர்க்கும் பிடித்த பழகிய பாடல்களைக் கலந்து பாடினால் நிறுவனத்தார் மகிழ்வர் என்று எப்ஸ்டீன் எண்ணினார். டெக்கா மறுத்தது. அதே நாளில் தேர்வுக்கு வந்த மற்றொரு குழுவை அது ஏற்றுக்கொண்டது. கிடார் குழுக்களின் காலம் முடிந்துவிட்டதென டெக்கா அதிகாரி டிக் ரோ கூறினார் என்பது எப்ஸ்டீன் எழுதி வைத்த செய்தி. ரோ அதை வாழ்நாள் முழுதும் மறுத்தார். அடுத்த ஆண்டு ஹாரிசனின் பரிந்துரையைக் கேட்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவை ஒப்பந்தம் செய்தவரும் அந்த ரோதான் என்பதை, அவரை எள்ளி நகையாடுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

டெக்கா ஒலிநாடாவைக் கையில் வைத்துக்கொண்டு எப்ஸ்டீன் நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கினார். 1962 பிப்ரவரியில் இலண்டன் ஆக்ஸ்போர்டு தெருவிலிருந்த எச்.எம்.வி. கடையில், அந்நாடாவிலிருந்து சில பாடல்களைத் தட்டுகளாக வெட்டித் தரக் கேட்டார். வெட்டிய தொழில்நுட்பர் பாட்டைக் கேட்டு, மேல்மாடியிலிருந்த பாடல் பதிப்பு அலுவலகத்துக்கு அவரை அனுப்பினார். ஆர்ட்மோர் அண்ட் பீச்வுட் என்னும் அந்நிறுவனம் ஈ.எம்.ஐ.யின் கிளை. அவர்களைக் கவர்ந்தது பாடுவோர் குரலன்று. சொந்தமாக இயற்றிய பாட்டு. அதன் உரிமையைத் தாம் பெற வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். அங்கிருந்துதான் பார்லோஃபோன் பிரிவின் தலைவர் ஜார்ஜ் மார்ட்டினிடம் அவர் அனுப்பப்பட்டார். மார்ட்டின் தம் நுண்செவியால் அவர்களைக் கண்டெடுத்தார் என்பதே நெடுங்காலம் நிலவிய வரலாறு. 2013இல் மார்க் லூயிசன் வெளியிட்ட விரிவான ஆய்வு வேறொன்றைக் காட்டுகிறது. பாடல் உரிமையை நாடிய பதிப்பகத்தார் தந்த நெருக்குதலே ஈ.எம்.ஐ.யின் கதவைத் திறந்தது என்பது அவர் முடிபு. இம்முடிபு ஏற்கத்தக்கதாயின், எப்ஸ்டீனின் வாழ்விலேயே பெரிய முரண் இதுதான்: தேர்வில் அவர் பின்னுக்குத் தள்ளிய சொந்தப் பாடல்களே வாயில் திறந்தன. அவற்றின் விலையை அப்போதும் அவர் முழுதுணரவில்லை.

ஈ.எம்.ஐ. தந்த உரிமத்தொகை, விற்கும் ஒவ்வோர் இசைத்தட்டுக்கும் ஒரு பென்னி. அன்றைய பவுண்டுக்கு 240 பென்னிகள். அந்த ஒரு பென்னியை நால்வரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். மேலாளர் பங்கும் அதிலிருந்தே. இதைக் கொடுமையென இன்று சொல்வது எளிது. எல்லா நிறுவனங்களும் கதவடைத்த பின் கிடைத்த ஒரே கதவு அது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டு 16இல் பீட் பெஸ்ட் நீக்கப்பட்டார். அவரிடத்தில் ரிங்கோ ஸ்டார் வந்தார். முடிவெடுத்தவர்கள் மற்ற மூவர். முகத்துக்கு நேரே அதைச் சொல்லும் கடன் எப்ஸ்டீனின் தலையில் விழுந்தது. மேலாளன் என்பவன் இதற்கும் கூலி வாங்குகிறான் போலும்.

முதல் இசைத்தட்டு அக்டோபரில் வெளிவந்து விற்பனைப் பட்டியலில் 17ஆம் இடம் வரை ஏறியது. அதற்கான விளம்பரத்தில் பதிப்பகத்தார் அக்கறை காட்டவில்லை என்று எப்ஸ்டீன் மனங்குமைந்தார். அடுத்த பாடலுக்கு வேறு பதிப்பாளரை மார்ட்டினிடம் கேட்டார். மார்ட்டின் சுட்டியவர் டிக் ஜேம்ஸ். முன்னாளில் பாடகர், அப்போது சிறு பதிப்பகம் தொடங்கியிருந்தவர். எப்ஸ்டீன் எதிரே அமர்ந்திருக்கையிலேயே ஜேம்ஸ் தொலைபேசியை எடுத்தார். தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஒருவரிடம் பேசினார். நாடு முழுதும் காணும் நிகழ்ச்சி ஒன்றில் குழுவுக்கு அங்கேயே இடம் பெற்றுத் தந்தார். ஐந்து நிமிட வேலை. பல திங்கள் வாயில்தோறும் நின்றவருக்கு அது மாயவித்தை போல் தோன்றியதில் வியப்பில்லை.

அந்தத் தொலைபேசி அழைப்பின் விலை 1963 பிப்ரவரியில் எழுதப்பட்டது. நார்தர்ன் சாங்ஸ் என்ற நிறுவனம் உருவாயிற்று. லெனன், மக்கார்ட்னி பாடல்களின் பதிப்புரிமை அதன் உடைமை. பங்கில் பாதி ஜேம்ஸுக்கும் அவருடைய கூட்டாளிக்கும். இயற்றிய இருவருக்கும் தலைக்கு 20 விழுக்காடு. எஞ்சிய 10 எப்ஸ்டீனுக்கு. பாடல் என்பது காற்றில் கிடப்பது, அதை ஒருவர் உடைமையாக வைத்திருக்க முடியும் என்பதே தங்களுக்குத் தெரியாது என்ற கருத்தில் மக்கார்ட்னி பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார். இருவரும் இருபதைச் சற்றுக் கடந்த இளைஞர்கள். நீட்டிய இடத்தில் கையொப்பமிட்டனர்.

இவ்விடத்தில் எப்ஸ்டீனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவோர் ஒன்றை மறக்கலாகாது. அன்றைய இங்கிலாந்தில் பாட்டெழுதியவர்க்கு உரிமத்தொகையில் ஒரு பகுதி உண்டே தவிர, பதிப்பு நிறுவனத்தில் பங்கு தருவது வழக்கமே இல்லை. உரிமை முழுவதும் பதிப்பாளருக்கே. இயற்றியவர் இருவர் கைக்கும் 40 விழுக்காடு வந்தது அக்கால அளவில் தாராளம். குறை வேறிடத்தில் இருந்தது. பாதிக்குப் பாதி என்ற கணக்கில், மறுபாதி ஒருமித்த கையில் இருந்தது. இந்தப் பாதியோ மூவர் கையில் பிரிந்து கிடந்தது. ஜேம்ஸ் விற்க விரும்பினால் முதலில் இயற்றியவரிடமே விற்க வேண்டும் என்று ஒரு வரி எழுதப்பட்டிருப்பின், பின்வந்த ஐம்பதாண்டு வரலாறே வேறாக இருந்திருக்கும். கடைக்காரரான எப்ஸ்டீன் இசைத்தட்டைக் கண்ணால் கண்டார், விற்றார், எண்ணினார். கண்ணுக்குப் புலப்படாத சரக்காகிய உரிமை அவருடைய கணக்கேட்டில் ஏறவில்லை.

இதே குறை வேறு வடிவில் மீண்டும் வெளிப்பட்டது. 1963 இறுதியில் பீட்டில்ஸ் பெயரில் பொய்முடி, பொம்மை, சட்டை, இனிப்பு என எண்ணிறந்த பொருள்களைச் செய்து விற்க அனுமதி கேட்டு வணிகர் குவிந்தனர். கடைக்காரரின் பழைய கண்ணோட்டப்படி இவை சில்லறைத் தொல்லை. வழக்குரைஞர் டேவிட் ஜேக்கப்சிடம் பொறுப்பை விட்டார் எப்ஸ்டீன். அவர் நிக்கி பைர்ன் என்பவருக்கு உரிமம் தந்தார். வருவாயில் 90 விழுக்காடு பைர்ன் தரப்புக்கு. 10 விழுக்காடு மட்டுமே நெம்ஸுக்கு. தாம் தொடக்கப் பேரமாகச் சொன்ன 90ஐ எதிர்த்தரப்பு அப்படியே ஒப்புக்கொண்டது தமக்கே வியப்பளித்ததாகப் பைர்ன் கூறினார். குழுவின் பெயரைத் தலைகீழாக எழுதி அந்நிறுவனத்துக்குச் செல்டேப் என்று பெயரிட்டனர். பெயர் மட்டுமன்று, கணக்கும் தலைகீழ்தான். அமெரிக்காவில் பொருள்கள் கோடிக்கணக்கில் விற்றபின் எப்ஸ்டீன் விழித்துக்கொண்டார். 1964இல் நெம்ஸின் பங்கு 46 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அதற்குள் வழக்குகள் மூண்டன. உரிமம் யாரிடம் உள்ளதென்று தெளியாமல் பெருங்கடைகள் பின்வாங்கின. 1967இல்தான் வழக்கு சமரசத்தில் முடிந்தது. திரைப்படத்திலும் இவ்வாறே. 1964இல் வந்த முதற்படத்துக்கு 25 விழுக்காடு வரை தரத் தயாரிப்பாளர் ஆயத்தமாக இருந்தனர். எப்ஸ்டீன் நிமிர்ந்து உட்கார்ந்து, 7.5 விழுக்காட்டுக்கு ஒரு காசும் குறையாது என்று கண்டிப்பாகக் கூறினார் என்பது அவ்வட்டாரத்தில் நெடுநாள் சிரிப்புக்கிடமான கதை.

சிரிப்பவர்கள் அவருடைய மறுபக்கத்தைக் காண்பதில்லை. அமெரிக்காவில் பாடியிராத குழுவுக்காக 1963 நவம்பரில் அவர் நியூயார்க் சென்று, எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இடம் கேட்டார். பணத்தில் விட்டுக்கொடுத்தார், மூன்று நிகழ்ச்சிக்கும் சேர்த்து 10,000 டாலரே. ஆனால் நிகழ்ச்சியின் தலைமையிடம் தம் குழுவுக்கே என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே பாடகர் பலர் வந்து போவர். தலைமையிடம் பெற்றவரையே நாடு நினைவில் வைக்கும். 1964 பிப்ரவரி 9ஆம் நாள் ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சம் பேர் அந்நிகழ்ச்சியைக் கண்டனர். நேர்மையிலும் அவர் அத்தகையவர். புகழ் பெறுவதற்கு முன் சிற்றூர் நடன அரங்குகளுக்குச் சிறு தொகைக்கு ஒப்பிய நிகழ்ச்சிகளை, ஊரே கொந்தளிக்கும் நிலையிலும் அதே தொகைக்கு நடத்திக் கொடுத்தார். கொடுத்த வாக்கு விலையேறியதால் மாறுவதில்லை என்பது அவர் கொள்கை. அமெரிக்காவின் தென்பகுதியில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து அமர்த்தும் வழக்கை 1964இல் நால்வரும் ஏற்க மறுத்தனர். அடுத்த ஆண்டுப் பயணத்துக்கான ஒப்பந்தத்தில், பிரித்து அமர்த்தப்பட்ட அவை முன் பாடுவதில்லை என்ற வரியே இடம்பெற்றது. ஒப்பந்தம் எழுதத் தெரியாதவர் என்று பெயரெடுத்த எப்ஸ்டீனின் நிறுவனம் எழுதிய வரி அது.

பீட்டில்ஸ் மட்டுமன்றி லிவர்பூலின் இளைஞர் பலரையும் அவர் அரங்கேற்றினார். ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் குழுவின் முதல் மூன்று இசைத்தட்டுகளும் 1963இல் அடுத்தடுத்து முதலிடம் பெற்றன. கேவர்ன் மன்றத்தில் மேலங்கிகளை வாங்கி வைக்கும் வேலை பார்த்த பிரிசில்லா ஒயிட் என்ற பெண், சில்லா பிளாக் என்னும் பெயரில் நாடறிந்த பாடகியானார். அவரிடம் சிலகாலம் விளம்பரப் பணியாற்றிய ஆண்ட்ரூ லூக் ஓல்டம் என்ற இளைஞரே, பின்னர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேலாளராகி, அவர் வழிக்கு நேர்மாறாக அக்குழுவைக் காட்டுத்தன்மையின் வடிவாக விற்றார். ஓல்டம் ஒலிப்பதிவு உரிமையைத் தம் தரப்பிலேயே வைத்துக்கொள்ளும் சூழ்ச்சி அறிந்தவர். ஆயினும், ஸ்டோன்ஸ் குழுவின் அறுபதுகளின் பதிவுகளும் பாடல்களும் முடிவில் ஆலன் கிளைன் என்னும் அமெரிக்கக் கணக்கர் கைக்கே போயின. சூழ்ச்சி அறிந்தவரும் இழந்தார், அறியாதவரும் இழந்தார்.

எப்ஸ்டீனின் தனிவாழ்வில் ஒரு நிழல் இறுதிவரை தொடர்ந்தது. அவர் தன்பாலீர்ப்பு உடையவர். ஆடவர் இருவரின் உறவு அந்நாட்டில் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டை 1895இல் சிறைக்கு அனுப்பிய அதே 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் நீட்சி. அவரை மிரட்டிப் பணம் பறித்தவர் உண்டு. நாடே அறிந்த மனிதர், யாரும் அறியலாகாத வாழ்வொன்றைத் தூக்கிச் சுமந்தார். 1964இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூலில் இதற்கு இடமில்லை; இருந்திருக்கவும் முடியாது. தூக்கமாத்திரையும் ஊக்கமாத்திரையும் பழக்கமாயின. 1966 பயணங்கள் அவரை உலுக்கின. மணிலாவில் நாட்டுத் தலைவரின் மனைவி அளித்த விருந்துக்குக் குழு செல்லாமையால் எழுந்த சினம், விமானநிலையம் வரை துரத்தியது. கிறித்துவைப் பற்றி லெனன் கூறிய சொல் அமெரிக்காவில் தீமூட்டியபோது, செய்தியாளரைச் சந்தித்து விளக்கமளிக்க உடல்நலிவோடு எப்ஸ்டீன் முன்னதாகப் பறந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 29இல் சான் பிரான்சிஸ்கோவில் பாடியதோடு குழு மேடைப் பயணங்களை நிறுத்திக்கொண்டது. மேடையும் பயணமும் இல்லையெனில் மேலாளருக்கு வேலை யாது? இலண்டனில் சாவில் அரங்கைக் குத்தகைக்கு எடுத்து நாடகமும் இசையும் நடத்திப் பார்த்தார். ஒப்பந்தம் 1967 அக்டோபரில் முடியவிருந்தது. புதுப்பிக்கப்படுமா என்ற ஐயம் அவரை அரித்தது.

1967 சூலை 17இல் அவர் தந்தை காலமானார். சூலை 27இல், இருபத்தொரு வயது கடந்த ஆடவர் இருவரின் தனிப்பட்ட உறவு இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றமன்று என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. சரியாக ஒரு திங்கள் கழித்து, ஆகஸ்டு 27ஆம் நாள், இலண்டன் பெல்கிரேவியாவிலிருந்த தம் இல்லத்தில் எப்ஸ்டீன் இறந்து கிடந்தார். நாள்பட உட்கொண்ட தூக்கமருந்து உடலில் சேர்ந்து நேர்ந்த விபத்து என்று மரண விசாரணை தீர்ப்பளித்தது. நால்வரும் அப்போது வேல்ஸ் நாட்டின் பாங்கர் நகரில் மகரிஷி மகேஷ் யோகியின் தியானப் பயிற்சியில் இருந்தனர். கூட்டம் திரண்டு துயரத்தைக் குலைத்துவிடும் என்பதால் லிவர்பூலில் நடந்த அடக்கத்துக்கு அவர்கள் செல்லவில்லை. அக்டோபர் 17இல் இலண்டன் அபி சாலையிலிருந்த யூத ஆலயத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் நால்வரும் அமர்ந்திருந்தனர். அவர்கள் பாடிப் பதிவு செய்த ஒலிக்கூடமும் அதே சாலையில்தான்.

ஒருவருடைய பணியின் அளவு அவர் இல்லாத காலத்தில் விளங்குவதுண்டு. அவர் இறந்தபோதே தாங்கள் இடர்ப்படப் போவதை உணர்ந்ததாக லெனன் 1970இல் அளித்த பேட்டியில் கூறினார். 1967 சனவரியில் ஈ.எம்.ஐ.யுடன் எப்ஸ்டீன் எழுதிய ஒன்பதாண்டு ஒப்பந்தத்தின்படி, உரிமத்தொகையில் 25 விழுக்காடு அவர் மறைந்த பின்னும் அவருடைய நிறுவனத்துக்கே சென்றது. 1969 தொடக்கத்தில் அந்நிறுவனம் குடும்பத்தார் கையிலிருந்து முதலீட்டாளர் கைக்கு மாறியது. அவ்வாண்டு மார்ச்சில் டிக் ஜேம்ஸ் தம் பங்கை ஏ.டி.வி. நிறுவனத்துக்கு விற்றார், இயற்றியவர் இருவரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இருவரும் அப்போது புதுமணம் புரிந்தவராய் வெளிநாட்டில் இருந்தனர். பாதியைத் திரும்ப வாங்க நடந்த போராட்டத்தில் தோற்று, தம் பங்கையும் விற்று வெளியேறினர். 1970 இறுதியில் மக்கார்ட்னி நீதிமன்றம் ஏறினார், குழு சிதறியது. 1985இல் மைக்கேல் ஜாக்சன் அப்பாடல்களின் உரிமை அடங்கிய ஏ.டி.வி. தொகுப்பை 4 கோடியே 75 இலட்சம் டாலருக்கு வாங்கினார். 1995இல் அதில் பாதி சோனியோடு இணைந்தது. 2016இல் மறுபாதியையும் சோனியே வாங்கியது. 2017 சனவரியில், ஐம்பத்தாறு ஆண்டு கடந்த படைப்பின் அமெரிக்க உரிமையை இயற்றியவர் திரும்பப் பெறலாம் என்ற அந்நாட்டுச் சட்டவிதியைப் பற்றிக்கொண்டு மக்கார்ட்னி நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். சூனில் இரு தரப்பும் உடன்பாடு கண்டனர். அதன் விவரம் வெளியிடப்படவில்லை. இருபது வயதில் இட்ட கையொப்பத்தின் பின்னே அவர் நடந்த தொலைவு அது. அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து.

அமெரிக்காவின் ராக் இசைப் புகழ்மன்றம் 2014இல் எப்ஸ்டீனையும் ஓல்டத்தையும் ஒரே ஆண்டில் சேர்த்துக்கொண்டது. லிவர்பூலில், பழைய நெம்ஸ் கடை இருந்த இடத்தருகே, 2022 ஆகஸ்டு 27இல் எப்ஸ்டீனுக்குச் சிலை வைக்கப்பட்டது. அதற்கு முன்பே அவர் எழுதிய ஒப்பந்தங்கள் ஏலத்துக்கு வந்துவிட்டன. 1962 அக்டோபரில் எழுதியது 2015இல் 3,65,000 பவுண்டுக்குப் போயிற்று. சட்டப்படி செல்லாத, சனவரி 24ஆம் நாளிட்ட முதல் ஒப்பந்தம் 2019இல் இலண்டன் சோதபிஸ் ஏலத்தில் 2,75,000 பவுண்டுக்கு விலைபோயிற்று. லெனன், மக்கார்ட்னி, ஹாரிசன், பெஸ்ட் நால்வரின் கையொப்பமும் அதில் உள்ளன. சாட்சியாகிய டெய்லரின் கையொப்பமும் உள்ளது. எப்ஸ்டீனின் கையொப்பம் மட்டும் இல்லை.